கூத்துப் பார்க்க நேரமில்லாத குடும்பம்

“குடும்பக்காரனுக்கு இதெல்லாம் சரிவராது.”

ரொறன்ரோவில் நாட்டார் கலைகளைப் பற்றி நான் அதிகம் கேட்ட வசனம் இதுதான். பறை நிகழ்ச்சி, வடமோடிக் கூத்து, வில்லுப்பாட்டு, எதற்கு அழைத்தாலும் பதில் இதுவாகவே இருக்கும். சொல்பவர்கள் கலையை வெறுப்பவர்கள் அல்லர். நல்ல தகப்பன்மார், நல்ல தாய்மார், வாசிக்கிற பழக்கமுள்ளவர்கள். இந்த இதழுக்குச் சந்தா கட்டுபவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். நானும் பல வருடங்கள் இதையே சொல்லித் தப்பித்து வந்தவன். அந்த வசனம் பொய் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். ஆனால் மற்றவர்களைக் குற்றம் சாட்டுமுன் என் வீட்டுக் கணக்கை முதலில் காட்டிவிட வேண்டும்.

சென்ற வருடம் மார்ச் மாதம். மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைக்கிற அந்தச் சனிக்கிழமை. ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் வடமோடிக் கூத்து என்று அறிவித்திருந்தார்கள். மட்டக்களப்பிலிருந்து ஓர் அண்ணாவியார் வந்திருந்தார். அழைப்பிதழில் மாலை 6 மணி என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் காலை எட்டரைக்குத் தமிழ் வகுப்பில் தொடங்கி, மகனின் மிருதங்கம், மகளின் நீச்சல், கிழமைக்குரிய மரக்கறி, உடுப்புத் தோய்ப்பு என்று ஓடி ஆறு மணிக்குத்தான் முடியும். அன்று எல்லாவற்றையும் நெருக்கிக் கட்டி, ஐந்தே முக்காலுக்கு நாலு பேரும் மண்டபத்தில் இருந்தோம். மேடையில் ஒருவர் ஏணியில் நின்று பதாகை கட்டிக்கொண்டிருந்தார். கதிரைகள் அநேகமாக வெறுமை.

ஏழு பத்துக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகு கனடிய தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, மௌன அஞ்சலி, வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. மூன்று மட்டத்து அரசியல்வாதிகளும் ஆளுக்கொரு வாழ்த்துப் பத்திரத்தோடு வந்தார்கள். அனுசரணையாளர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வீடு விற்பவர், வீட்டுக்கடன் எடுத்துத் தருபவர், காப்புறுதி முகவர் என்று ஒவ்வொருவரும் மேடைக்கு வந்து இரண்டு வார்த்தை பேசினார்கள். ஒன்பது பத்துக்கும் மத்தளம் உறைக்குள்தான் கிடந்தது. எட்டு வயது மகள் இரண்டு கதிரைகளைச் சேர்த்துப் போட்டு, குளிருடுப்பைப் போர்த்துக்கொண்டு நித்திரையாகிவிட்டாள். பதின்மூன்று வயது மகனுக்கு அடுத்த நாள் காலை ஏழரைக்குப் பயிற்சி. அன்றிரவு ஒரு மணித்தியாலம் களவுபோகும் என்பது அவனுக்கும் தெரியும்.

மனைவி என் பக்கம் திரும்பிச் சொன்னாள். “இஞ்சாருங்க, நீங்க இரிங்க. நான் புள்ளையளக் கூட்டிட்டுப் போறன். உங்களுக்குத்தானே ஆசை.”

நான் இருந்தேன்.

நண்பர் ஒருவர் என்னை வீட்டில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். கூத்து பதினொன்றே முக்கால் வரை நடந்தது. அருமையான கூத்து. அடுத்த நாள் நண்பர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து அதைப் பற்றிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். மகளைத் தூக்கிக்கொண்டுபோய்க் காரில் இருத்திப் பட்டி போடும்போது மண்டபத்தின் பின்கதவை யாரோ திறந்திருக்கிறார்கள். முதல் மத்தளச் சத்தம் வெளியே வந்திருக்கிறது. வரவுத் தரு. அவள் காரைச் சூடாக்குகிற சாட்டில் பத்து நிமிடம் அப்படியே இருந்து கேட்டிருக்கிறாள்.

“அந்தத் தரு எனக்கு முழுக்கத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் மட்டக்களப்பு நகரத்தில் வளர்ந்தவன். ஏழு வயதில் ஒரு தடவை அம்மம்மாவின் ஊரில் பாயில் படுத்தபடி கூத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. கூத்தைவிட நித்திரைதான் அதிகம் நினைவிருக்கிறது. 1990க்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இரவுகள் எங்களுடையவையாக இருக்கவில்லை. ஆனால் மனைவி படுவான்கரைக்காரி. அவளுடைய தாய்மாமன் மத்தளம் அடித்தவர். போருக்கு நடுவிலும் கிடைத்த இடைவெளிகளில் அவர்கள் வளவில் கூத்துப் பழகியிருக்கிறார்கள். குசினித் திண்ணையிலிருந்து கேட்டே ஐந்தாறு பாத்திரங்களின் பாட்டு அவளுக்குப் பாடம். பெண்பிள்ளை என்பதால் களரியில் ஏறியதில்லை. அந்த மண்டபத்தில் எங்கள் நாலு பேருக்குள் இருக்க வேண்டிய ஆள் ஒருவர் என்றால் அது அவள்தான். இருந்தது நான். “குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு கலையையும் விடாமல் இருக்கிறேன்” என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த சமநிலை இவ்வளவுதான். தராசின் மற்றத் தட்டில் அவள் நின்றாள்.

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. கூத்து இரவு என்பது குடும்ப வாழ்க்கைக்கு வெளியே உள்ள ஒரு பொழுதுபோக்கு என்று நாங்கள் நம்புகிறோம். அது வரலாற்றுப் பிழை. அதற்கு நேரமில்லாமல் செய்தது குடும்பம் என்றும் நம்புகிறோம். அது ஆளைத் தப்பாகப் பிடிப்பது.

முதலாவதை எடுப்போம். மட்டக்களப்பில் ஒரு கூத்து எப்படி ஆடப்பட்டது என்பதைப் பேராசிரியர் சி. மௌனகுரு தன் ஆய்வுகளில் விரிவாக எழுதியிருக்கிறார். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று ஏட்டைப் பிரித்துக் கையில் கொடுப்பார்கள். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். ஓரளவு பழகியதும் கிழமைக்கு ஒரு நாள் ஆடிப் பார்ப்பார்கள். அதற்குப் பெயரே கிழமைக் கூத்து. பிறகு அடுக்குப் பார்த்தல், சதங்கை அணிதல், கடைசியில் விடியவிடிய அரங்கேற்றம். அதோடும் முடியாது. அரங்கேறிய கூத்தர் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள்.

இந்தப் பட்டியலை எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் கிழமை அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழமைக் கூத்து என்பது என்ன? ஒரு அட்டவணை. வயலுக்கும் ஆற்றுக்கும் போய்வந்து, பிள்ளை குட்டியை வைத்திருந்தவர்கள் தங்கள் கிழமைக்குள் கூத்துக்கென்று ஓர் இரவை ஒதுக்கியிருந்தார்கள். அரங்கேற்ற இரவுக்குக் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போகவில்லை. பாயும் தலையணையுமாகக் குடும்பமே போனது. பிள்ளைகள் நித்திரையானார்கள், முக்கியமான இடம் வந்தால் எழுப்பப்பட்டார்கள். வரமுடியாத கிழவிக்கும் பிள்ளைப்பெற்றவளுக்கும் கூத்தே வாசலுக்கு வந்தது. “குடும்பமா, கூத்தா” என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எங்களோடு விமானம் ஏறி வந்ததல்ல. இங்கே வந்து செய்தது.

இதைச் சொல்லும்போது ஊர்ப்பாசத்தில் பொய் சொல்லவும் கூடாது. அந்தக் களரியில் பெண்கள் ஏறவில்லை. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். எந்தச் சாதியார் எந்த இடத்தில் இருந்து பார்ப்பது என்ற ஒழுங்கு இருந்தது. பறையடித்தவரை மதித்தார்கள் என்று சொன்னால் அவருடைய பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். விடிந்த பிறகு ஆண்கள் திண்ணையில் சாய, இரவு முழுக்க விழித்திருந்த பெண்கள்தான் அடுப்பு மூட்டினார்கள். இந்தக் கோணல்களை ஊரிலேயே கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள். சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் அந்த ஊர்க் கூத்தர்களோடு உட்கார்ந்து பேசி முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் அப்படி ஒன்று. பாலும் சாதியும் சார்ந்த சித்திரிப்புகளைக் கூத்தர்களே விவாதித்து மாற்றினார்கள். ஆக ஊரில் கூத்து மாறிக்கொண்டிருக்கும்போது, நாங்கள் இங்கே அதன் நல்ல பகுதியை விட்டுவிட்டு, பெண் வீட்டுக்குப் போக ஆண் இருந்து பார்க்கிற பகுதியை மட்டும் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறோம்.

இரண்டாவது, நேரம். “நேரமில்லை” என்று சொல்கிற நான் என் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறேன்? நான் கணினி ஆலோசகன். பெரிய நிறுவனங்களின் முறைமைகளை மேம்படுத்துவது என் வேலை. அதைப் பகலில் செய்ய முடியாது. பாவிப்பவர்கள் இல்லாத நேரத்தில்தான் செய்யவேண்டும். எனவே மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணியிலிருந்து விடிகாலை மூன்று மணிவரை மடிக்கணினியின் முன்னால் இருப்பேன். ஞாயிறு பத்துமணி வரை படுப்பேன். பிள்ளைகள் சத்தம் போடாமல் நடப்பார்கள். இது வருடக்கணக்காக நடக்கிறது. குடும்ப ஒழுங்கு குலைந்துவிட்டது என்று என் வீட்டிலோ, மாமனார் வீட்டிலோ, நண்பர் வட்டத்திலோ ஒருவரும் சொன்னதில்லை. அதே சனிக்கிழமை இரவை ஒரு மத்தளத்துக்காகக் கேட்டால், “கூத்தடிக்கப் போறார்” என்று சிரிக்கிறார்கள். எங்கள் மொழியிலேயே அந்தச் சொல் வசையாகிவிட்டது.

பரதநாட்டிய அரங்கேற்றத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு வருடம் வீடே அதற்காக இயங்கும். மண்டபம், பக்கவாத்தியம், உடுப்பு, அழைப்பிதழ், சாப்பாடு என்று ஒரு காரின் விலை போகும். தாய் வேலையில் லீவு போடுவாள். தகப்பன் மேலதிக வேலை செய்வான். அதைத் தியாகம் என்கிறோம். ஆடுகிற பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் உழைப்பு உண்மையானது. ஆனால் அரங்கேற்றம் என்ற சொல் எங்கள் ஊரில் கூத்துக்கும் உரியது என்பதை அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ஒரு கலைக்காக வருடம் முழுவதும் வளைந்துகொடுக்கிற குடும்ப அட்டவணை, இன்னொரு கலைக்காக நாலு மணித்தியாலம் வளைய மறுக்கிறது. அந்த அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருப்பது நேரப் பஞ்சம் மட்டுமா? எந்த மேளம் வரவேற்பறைக்கு உகந்தது, எது செத்த வீட்டுக்கு மட்டும் உரியது என்ற பழைய கணக்கும் அதற்குள் இருக்கிறது. அதை “பிள்ளைகளின் ஒழுங்கு” என்ற நாகரிகமான பெயரில் சொல்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பதற்கு நேரம் வைத்திருக்கிறோம், கேட்பதற்கு வைக்கவில்லை. என் மகன் ஐந்து வருடமாக ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் மிருதங்கம் பழகுகிறான். தரப் பரீட்சைகள் எழுதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறான். ஒரு தோல் வாத்தியத்தை முன்னால் இருந்து, தொடங்கி முடியும்வரை, அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. இது அவன் பிழையில்லை. அவனை ஏற்றி இறக்குவதில் எங்கள் நேரம் முடிந்துவிடுகிறது. சான்றிதழ் தருகிற மணித்தியாலம்தான் எங்கள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிகிறது. சும்மா இருந்து கேட்பது வீண்பொழுதாகத் தெரிகிறது. பிறகு அதே பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனதும் வகுப்புகளை ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள் என்று கவலைப்படுகிறோம். கேட்டு ஆசைப்படாத ஒன்றை அவர்கள் ஏன் வைத்திருக்கவேண்டும்?

இதுவரை வீடுகளைச் சொன்னேன். பெரிய பங்கு நிகழ்ச்சி நடத்துகிறவர்களுடையது. எங்கள் அமைப்பாளர்கள் உழைப்பாளிகள். சொந்தக் காசைப் போட்டு நடத்துகிறவர்கள். அதற்காக இதைச் சொல்லாமல் விடமுடியாது: குடும்பங்களின் நேரத்தை எடுப்பவர்கள் நீங்கள்தான். ஆறு மணி என்று அழைத்து ஒன்பதரைக்குக் கூத்தைத் தொடங்கினால், எட்டு வயதுப் பிள்ளையும், அந்தப் பிள்ளையைக் கொண்டுபோகவேண்டிய தாயும் அந்தக் கூத்துக்கு அழைக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். கடைசிவரை இருக்கக்கூடியவர்கள் பிள்ளை வளர்ந்தவர்களும், பிள்ளையை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு வந்த என்போன்ற ஆண்களும்தான். பிறகு “இளந்தலைமுறை வருவதில்லை” என்று அதே மேடையில் கவலைப்படுகிறீர்கள். அவர்கள் வந்திருந்தார்கள். இரண்டு கதிரைகளில் நித்திரையாகி, தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள்.

கூத்து நேரத்துக்காகத் தன்னையே குறைத்துக்கொண்ட வரலாறு உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர். பிறகு இராவணேசன், அதில் இராவணனாக ஆடியவர் இளைஞரான மௌனகுரு. விடியவிடிய ஆடப்பட்ட வடிவத்தை அந்த மேடைக்காகச் சுருக்கினார்கள். கூத்தின் வட்டக்களரி போய்விட்டது, விரிவு போய்விட்டது என்ற விமர்சனங்கள் இன்றுவரை உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. ஆனால் நாள் முழுவதும் வேலை செய்து பேருந்து பிடித்துப் போகவேண்டிய மனிதரை நினைத்துக் கலை தன் உடம்பில் வெட்டு வாங்கிக்கொண்டது. ஒரு இரவுக் கூத்தே தன்னைச் சுருக்கிக்கொள்ள முடியுமென்றால், ஒரு தலைமையுரைக்கு ஏன் முடியாது?

நாங்கள் வாழ்கிற நகரத்திலேயே இதற்குப் பதில் தேடியவர்கள் இருக்கிறார்கள். 1961இல் ஒரிலியாவில் தொடங்கிய மரிபோஸா நாட்டார் இசைவிழா 1968 முதல் 1979 வரை ரொறன்ரோத் தீவுகளில் நடந்தது. அதன் கலை இயக்குநர் எஸ்டெல் கிளைன் என்ற பெண். பெரிய நட்சத்திரத்தின் இரவுக் கச்சேரியைவிட, பகலில் மரநிழலில் பல சிறிய மேடைகள், பாடகரும் கேட்பவரும் முகம் பார்த்துப் பேசக்கூடிய பட்டறைகள் என்பதே அவர் வளர்த்த முறை. படகேறி, பிள்ளைகளோடு, புல்லில் துணி விரித்து இருந்து கேட்கலாம். அந்த விழாவைச் சார்ந்து பாடகர்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பும் ஒரு திட்டமும் உருவானது. அதன் வழியாகச் சந்தித்தவர்கள்தான் ஷரன், லோயிஸ், பிராம் மூவரும்; 1978இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, கனடாவின் ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பாட்டோடு வளர்த்தவர்கள். கலையைப் பிள்ளைகளின் நித்திரை நேரத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்ததில் அந்தக் கலை சிறுத்துப் போகவில்லை.

நான் முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்த காலத்தில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மதுச்சாலைக்கு நாட்டார் இசை கேட்கப் போவேன். பிடில், புல்லாங்குழல், ஒரு பழைய அக்கோர்டியன். வாசித்தவர்கள் தச்சர், பள்ளிக்கூட ஆசிரியை, தபால்காரர் போன்றவர்கள். எல்லாருக்கும் பிள்ளைகுட்டி உண்டு. எட்டு மணிக்குத் தொடங்குவார்கள், பத்தரைக்கு வாத்தியத்தைப் பெட்டியில் வைப்பார்கள். கணவனும் மனைவியும் வாசிக்கிற ஒரு வீட்டில் ஒரு செவ்வாய் அவர் வருவார், அடுத்த செவ்வாய் அவள் வருவாள். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கிழமைக் கூத்து என்பதும் அதுதான் என்று இப்போது தெரிகிறது. நாளும் நேரமும் நிச்சயமாக இருந்தால் குடும்பம் அதைச் சுற்றித் தன்னை ஒழுங்குபண்ணிக்கொள்ளும்.

எங்களுடைய சொந்த உதாரணமும் இருக்கிறது. 2015 முதல் ஓகஸ்ட் மாதக் கடைசியில் மார்க்கம் வீதியை மறித்து நடந்த தமிழர் தெருவிழாவில் தள்ளுவண்டிகளுக்குக் குறைவிருக்கவில்லை. பாட்டி, பேத்தி, பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம், எல்லாரும் வந்தார்கள். காரணம் எளிது. பகல். தெரு. எப்போதும் வரலாம், எப்போதும் போகலாம். பிள்ளை அழுதால் யாரும் திரும்பி முறைக்கமாட்டார்கள். குடும்பத்தோடு வரக்கூடிய நிகழ்ச்சியை நடத்த எங்களுக்குத் தெரியும். கூத்துக்கும் பறைக்கும் அதைச் செய்ய மனம் வைக்கவில்லை.

எதிர்வாதங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் சில நியாயமானவை.

பிள்ளைகளுக்கு நித்திரை வேண்டும் என்கிறார்கள். வேண்டும். ஊரில் அம்மம்மாவின் மடி இருந்தது, வீடு நடை தூரத்தில் இருந்தது. இங்கே கறுப்புப் பனி உறைந்த நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓடவேண்டும். 2023 ஜூலையில் ஸ்காபரோவின் மூன்றாம் தட ரயில் தடம்புரண்டு, அதோடு நிரந்தரமாக நிறுத்தப்பட்ட பிறகு கார் இல்லாதவர்களின் பாடு இன்னும் மோசம். அதனால்தான் சொல்கிறேன்: ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குக் கூத்து வையுங்கள். ஆறு மணிக்கு முடித்தால் பிள்ளை எட்டரைக்குப் படுத்துவிடும். பேருந்தில் வந்த கிழவரும் வீடு போய்ச் சேர்வார்.

யூரியூப்பில் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, நானும் பார்க்கிறேன். ஆனால் மத்தளம் காதால் மட்டும் கேட்கிற வாத்தியம் அல்ல, வயிற்றிலும் விழவேண்டும். பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடும்போது முன்னால் இருக்கிற நாங்களும் முணுமுணுக்கிறோம். கூத்தர் அதைக் கேட்டு இன்னொரு சுற்று ஆடுகிறார். தொலைபேசித் திரை அதைச் செய்யாது. மேலும், திரையில் பிள்ளைக்குப் பிடிக்காத இடம் வந்தால் விரல் தானாகத் தள்ளிவிடும். நேரில் பிடிக்காத பத்து நிமிடத்தையும் கடந்துபோய்த்தான் பிடித்த இடத்துக்கு வரவேண்டும். என் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க நான் வேறு எந்த வகுப்பிலும் காசு கட்டவில்லை.

அம்மம்மா இருக்கிறாவே, பிள்ளைகளை அவவிடம் விட்டுவிட்டு வாருங்கள் என்கிறார்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இதற்குத்தான். ரொறன்ரோவில் எத்தனையோ வீடுகளில் தாலாட்டும், ஒப்பாரியும், அரிவு வெட்டுப் பாட்டும், கூத்துத் தருவும் மனப்பாடமாகத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவர்தான் சம்பளமில்லாத பிள்ளைக் காவல். நாட்டார் இசை நிகழ்ச்சி நடக்கிற இரவில், பாட்டுத் தெரிந்தவரை வீட்டில் இருத்திவிட்டு, பாட்டுத் தெரியாத நாங்கள் மண்டபத்துக்குப் போய் “அழிந்துவரும் கலை” என்ற தலைப்பில் உரை கேட்கிறோம்.

இனி நான் கேட்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமைப்பாளர்களே, அழைப்பிதழில் இரண்டு நேரம் போடுங்கள்: மத்தளத்தில் முதல் அடி விழும் நேரம், கடைசி அடி விழும் நேரம். என் தொழிலில் ஒரு முறைமையை நிறுத்துவதென்றால் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும்; பதினைந்து நிமிடம் பிந்தினால் காரணம் சொல்லவேண்டும். ஒரு வங்கிக் கணினிக்குக் கொடுக்கிற மரியாதையை ஒரு தாயின் மாலைப்பொழுதுக்குக் கொடுங்கள். உரைகளை முடிவில் வையுங்கள். கேட்க விரும்புகிறவர் இருந்து கேட்கட்டும். மேடைக்கு முன்னால் முதல் நாலு வரிசைக் கதிரையை எடுத்துவிட்டுப் பாய் விரியுங்கள். முக்கிய விருந்தினருக்குப் பக்கவாட்டில் நல்ல கதிரைகள் கிடைக்கும்.

வீட்டுக்காரர்களே, குறிப்பாக ஆண்களே, “நீங்க இரிங்க” என்று அவள் சொன்னால் அதை அனுமதி என்று எடுக்காதீர்கள். முதலில் கேளுங்கள்: இந்தப் பாட்டு எங்களில் யாருக்கு அதிகம் வேண்டும்? முறை வையுங்கள். பருவத்துக்கு ஒரு இரவை அட்டவணையில் எழுதுங்கள். பல் வைத்தியரின் நேரத்தை எழுதுகிற அதே பேனையால், அதே பெட்டிக்குள். அட்டவணையில் எழுதப்பட்டால்தான் எங்கள் வீடுகளில் ஒரு விஷயம் உண்மையாகிறது.

நாங்கள் அப்படிச் செய்யத் தொடங்கியிருக்கிறோம். சென்ற ஒக்ரோபரில் இன்னொரு மண்டபத்தில் கூத்து. இந்த முறையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்தியது. ஒன்பது மணிக்கு மகள் கண்ணைக் கசக்கத் தொடங்கியதும் நான் எழும்பினேன். மனைவி பழக்கத்தில் தானும் எழும்பினாள். “நீ இரு” என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு இருந்தாள். வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் படுக்கவைத்தேன். மகள் பல் தீட்டவில்லை, நான் கவனிக்கவில்லை. மகனின் பயிற்சி உடுப்பு இயந்திரத்துக்குள் ஈரமாகவே கிடந்தது, நான் மறந்துவிட்டேன். மனைவி பன்னிரண்டே முக்காலுக்கு வந்தாள். தொண்டை கட்டியிருந்தது. பிற்பாட்டுக்கு ஆள் போதாமல் பின்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பெண்களைக் கூப்பிட்டார்களாம். முப்பது வருடத்துக்குப் பிறகு, பதினாலாயிரம் கிலோமீற்றர் தள்ளி, அவள் முதல்தடவையாகக் களரிக்குப் பக்கத்தில் நின்று பாடியிருக்கிறாள். காலையில் மகள் கேட்டாள்: “அம்மா, நீங்க பாடினதை நான் ஏன் பார்க்கேல்ல?”

அந்தக் கேள்விக்கு நானும் மனைவியும் பதில் சொல்லமுடியாது. பதில் சொல்லவேண்டியவர்கள் அழைப்பிதழ் அடிப்பவர்கள். அடுத்த கூத்துக்கு நாங்கள் நாலு பேரும், என் மாமியாரோடு ஐந்து பேருமாக, போட்டிருக்கிற நேரத்துக்குப் பாயோடு வருவோம். அந்த நேரத்துக்கு மத்தளம் உறைக்குள் இருந்தால், இந்த முறை நான் சும்மா எழும்பிப் போகமாட்டேன். மண்டபத்தின் நடுவில் நின்று, பொன்னாடை போர்த்துகிறவரைப் பார்த்து, என் மகளின் கேள்வியைச் சத்தமாகக் கேட்பேன். இதை வாசிக்கிற நீங்களும் அங்கே இருந்தால், தயவுசெய்து எழும்பி என்னோடு நில்லுங்கள்.